செங்கல் வேண்டாத சுவர்

என் அக்கா மகன் சைப்ரஸில் இருக்கிறான். தலைநகர் நிக்கோசியாவில் ஒரு ஓட்டல் அடுப்படியில் மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிக்கிறான். அக்கா மட்டும் கேட்பவர்களிடம் "ஃபாரின்ல செஃப்பா கீறான்" என்று சொல்லிக்கொள்வாள். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் செய்தான்.

"மாமா, இங்க லெட்ரா தெருன்னு ஒண்ணு இருக்குது. கடைத்தெரு. நம்ம செஞ்சி பஜார் மாதிரி சனம். நடந்துகினே இருந்தா நடுவுல ஒரு கூண்டு வருது. போலீசு. பாஸ்போர்ட்ட காட்டினா அந்தாண்ட விட்டுர்றான். கொஞ்ச தூரம் போனா துருக்கிக்காரன் கூண்டு. அங்கயும் காட்டணும். அவ்ளோதான். ஒரே ஊரு, ரெண்டு நாடு. ரெண்டு பக்கமும் போயி காபி குடிச்சிட்டு வந்துட்டேன் மாமா."

"எவ்ளோ நேரமாச்சு?"

"பத்து நிமிசம்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவனே கேட்டான். "நம்மூர்ல இந்தாண்டயிருந்து அந்தாண்ட போறதுக்கு நமக்கு எவ்ளோ நாளாச்சு மாமா?"

"இன்னும் போய்க்கினுதான்டா இருக்கறோம்" என்றேன்.

அந்தத் தீவைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில் கிடக்கிறது. 1960இல் வெள்ளைக்காரனிடம் விடுதலை வாங்கியது. மூன்றே வருடத்தில், 1963 டிசம்பரில், கிரேக்க மொழி பேசுகிறவர்களுக்கும் துருக்கி மொழி பேசுகிறவர்களுக்கும் தலைநகரில் வெட்டு, குத்து, துப்பாக்கிச் சூடு. ஒரு பிரிட்டிஷ் தளபதி வரைபடத்தை விரித்து நகரத்தின் குறுக்கே பச்சைப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். பென்சில் பச்சை, அதனால் கோட்டுக்கும் பச்சைக் கோடு என்றே பெயர். 1974 ஜூலையில் கிரேக்க ராணுவ ஆட்சியின் தூண்டுதலில் அங்கே ஆட்சிக் கவிழ்ப்பு நடக்க, ஐந்தாம் நாள் துருக்கிப் படை வந்து இறங்கியது. அந்தப் போரோடு கோடு தீவை இரண்டாக அறுத்துக்கொண்டு 180 கிலோமீட்டர் நீண்டுவிட்டது. தெற்கே கிரேக்கர், வடக்கே துருக்கியர், நடுவில் ஐ.நா.வின் நீலத் தொப்பிக்காரர்கள். வடக்கத்தியவர்கள் 1983இல் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டார்கள். துருக்கியைத் தவிர உலகத்தில் ஒரு நாடும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நிக்கோசியாவின் பழைய விமான நிலையம் நடுக்கோட்டில் மாட்டி, பறக்காத ஒரு விமானத்தோடு பாழடைந்து கிடக்கிறது.

இதையெல்லாம் கேட்டபோது எனக்கு அந்த மக்கள் மேல் பரிதாபம்தான் வந்தது. ஒரு கோடு போட இத்தனை செலவா? தளபதி, பென்சில், டாங்கி, முள்கம்பி, அறுபது வருடமாக ஐ.நா. பட்டாளத்துக்குச் சோறு. எங்கள் பக்கத்து ஊர் நாட்டாமைக்கு ஒரு கடுதாசி போட்டிருந்தால் ஒரு ராத்திரியில், பைசா செலவில்லாமல், பேரன் பேத்தி காலம் வரைக்கும் நிற்கிற மாதிரி போட்டுக் கொடுத்திருப்பார்.

கோட்டைக் காப்பதிலும் நாம் சளைத்தவர்கள் இல்லை. 1964இல் ஐ.நா. படை சைப்ரஸில் இறங்கியபோது அதன் முதல் தளபதி ஜெனரல் கியானி, இந்தியர். பிறகு போன ஜெனரல் திம்மையா 1965 டிசம்பரில் அந்தத் தீவிலேயே, பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். 1974இல் போர் மூண்டபோது அங்கே தளபதியாக நின்ற பிரேம் சந்தும் இந்தியர். மூன்று பேரும் நல்ல சிப்பாய்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊரான் வீட்டுக் கோட்டில் ரத்தம் சிந்தாமல் பார்த்துக்கொள்ளக் கடல் தாண்டி ஜெனரல்களை அனுப்பிய நாடு, தன் வீட்டுக் கோட்டுக்கு ஒரு தலையாரியைக் கூட அனுப்பவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

எங்கள் வீட்டுக் கோடு எது என்று தெரியாத மாதிரி நடிப்பவர்களுக்காக ஒரு பழங்கதை. செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகிற வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்னால் மகேந்திரவர்மப் பல்லவன் அங்கே பாறையைக் குடைந்து ஒரு கோயில் செய்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை, இவை எதுவுமே இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் விஷ்ணுவுக்கும் கோயில் எடுத்தேன் என்று பெருமையாகக் கல்லிலும் வெட்டி வைத்தான். அதே அரசன் குடைந்ததுதான் தேசூர் பக்கம் இருக்கிற எங்கள் சீயமங்கலத்துக் குகைக் கோயிலும். சாமான் இல்லாமல் கட்டுவது இந்த மண்ணில் அவ்வளவு பழைய வித்தை. ராஜா கோயில் கட்டினான். குடிகள் அதே முறையில் சுவர் கட்டினார்கள். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை. இடிக்கப் போகிறவனுக்கு எங்கே கடப்பாரை வைப்பது என்றே தெரியாது.

ஆகவே, சுற்றுலாத் துறைக்கு ஒரு யோசனை சொல்லலாம் என்று இருக்கிறேன்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். மராட்டியர் ராணுவக் கோட்டைகள் என்று பன்னிரண்டு. மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருக்கிற ஒரே கோட்டை எங்களுடையது. சிவாஜி 1677இல் பிடித்தது. அவர் மகன் ராஜாராம் உள்ளே உட்கார்ந்திருக்க, அவுரங்கசீப்பின் படை 1690 முதல் 1698 வரை முற்றுகை போட்டது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் வளைத்து 13 கிலோமீட்டர் மதில். பக்கத்தில் ஒரு சின்னக் குன்றுக்குச் சக்கிலி துர்க்கம் என்று பெயர். மலைக்கும் சாதி பார்த்துப் பெயர் வைத்த ஊர் எங்களுடையது என்பதை வழிகாட்டிகள் ஏனோ வெள்ளைக்காரர்களிடம் விளக்குவதில்லை.

வருகிறவர்கள் செத்துப்போன மதிலைப் பார்த்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உயிரோடு இருக்கிற மதிலை யாரும் காட்டுவதில்லை. எவ்வளவு வருமானம் நஷ்டம்! நிக்கோசியாவில் பச்சைக் கோட்டைப் பார்க்கவே ஆள் வருகிறதாம். கூண்டுக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்களாம். நம்மிடம் இருப்பது தமிழ்நாடு முழுக்க. டிக்கெட் போட்டால் கஜானா நிரம்பும். நான் போட்டு வைத்திருக்கிற ஒரு நாள் சுற்றுலாத் திட்டம் இது. தலைப்பு: 'ஒரே ஊர், இரண்டு நாடு. பாஸ்போர்ட் தேவையில்லை, முகமே போதும்.'

முதலில் சீயமங்கலம் குன்று. காலையிலேயே ஏறிவிட வேண்டும், பாறை சுட்டுவிடும். ஒரு பக்கம் சிவன் குகை. அதே குன்றின் இன்னொரு பக்கம் பாறையில் பார்சுவநாதர், மகாவீரர் என்று சமணர்கள். ஆயிரம் வருடத்துக்கு மேலாகப் பக்கத்துப் பக்கத்துக் குடித்தனம். மேலே நின்று சுற்றிலும் பாருங்கள். ஏரி, நெல், கரும்பு, வேர்க்கடலை, நடுநடுவே ஊர்கள். எந்த ஊரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். வீடுகள் ஒரு கொத்தாக இருக்காது, இரண்டு கொத்தாக இருக்கும். நடுவில் ஒரு பர்லாங்கு வயல், அல்லது வாய்க்கால், அல்லது ஒரு சின்னப் பாலம். கோயில் கோபுரம் இருக்கிற கொத்து ஊர். பள்ளத்தில், மழை பெய்தால் தண்ணீர் வந்து நிற்கிற கொத்து நாங்கள். எந்த ஊரைச் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள். பயந்துகொண்டு மறைக்கவில்லை. ஒரு பெயரைச் சொன்னால் மற்ற ஊர்களெல்லாம் யோக்கியம் ஆகிவிடும்.

அடுத்தது டீக்கடை. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் பக்கத்துக் கடையில் கூரை வாரையில் நாலைந்து அலுமினிய டம்ளர்கள் செருகி இருக்கும். அப்பா உருவி எடுத்துக்கொண்டு வாசலில் தள்ளி நிற்பார். கடைக்காரர் ஒரு முழ உயரத்திலிருந்து டீயை விடுவார். சூடு ஆறட்டும் என்று நான் அப்போது நினைத்துக்கொள்வேன். அப்பா குடித்துவிட்டு, தொட்டிக்குப் பின்னால் போய்க் கழுவி, துண்டில் துடைத்து, அதே ஓட்டையில் செருகுவார். காசைக் கல்லாவில் வைக்கக் கூடாது, பலகையில் வைக்க வேண்டும். பலகையில் வைத்த காசை மட்டும் கடைக்காரர் கழுவாமலே எடுத்துக்கொள்வார்.

இப்போது அந்த டம்ளர்கள் இல்லை. பேப்பர் கப் வந்துவிட்டது. எல்லோருக்கும் பேப்பர் கப் கொடுத்தால் அதற்குப் பெயர் சுகாதாரம். எங்களுக்கு மட்டும் பேப்பர் கப், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணாடி டம்ளர் என்றால் அதற்கு என்ன பெயர் என்று கேட்டால், "ஒங்களுக்குன்னு புதுசா எடுத்துக் குடுக்கறேன், அதுலயும் குத்தமா?" என்பார்கள். என் அக்கா மகன் சொன்னான், அங்கே 1974க்கு முன்னால் எல்லோரும் துருக்கிக் காபி என்றுதான் சொல்வார்களாம். சண்டைக்குப் பிறகு தெற்கே அதே காபியைக் கிரேக்கக் காபி, சைப்ரஸ் காபி என்று மாற்றிக்கொண்டார்கள். தூள் அதே, பாத்திரம் அதே, கோப்பை அதே, பெயரில் மட்டும் பகை. நம் கடையில் டீயும் ஒன்று, பெயரும் ஒன்று, பேசுகிற தமிழும் ஒன்று. பாத்திரத்தில் இருக்கிறது நம் பகை. ராணுவம் வைத்துச் சண்டை போட்டவர்களுக்குக் கூட எச்சில் பார்க்கத் தோன்றவில்லை பாருங்கள், அவ்வளவு நாகரிகம் குறைந்தவர்கள்.

மூன்றாவது, கோயில். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் பூமி. செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிற மேலச்சேரியை அவள் இரண்டாம் பிறவி எடுத்த இடம் என்று கும்பிடுகிறோம். கோயில் வாசலில் அவளுக்குக் காவல் முத்தால ராவுத்தர், ஒரு முசல்மான். ஐந்து புருஷன்மார், சபையில் துகில் உரியப்பட்டவள், காவலுக்கு வேற்று மதத்துக்காரன். இவளைவிடப் பரந்த மனசுக்காரச் சாமியை எங்கே தேடுவது? 2023 ஏப்ரலில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் உள்ளே போன தலித் இளைஞர்களை அடித்தார்கள். ஜூன் 7ஆம் தேதி வருவாய்த் துறை வந்தது. அடித்தவனைப் பூட்டவில்லை, அம்மனைப் பூட்டியது. சபையில் அவமானப்பட்டவளை அரசாங்கச் சீல் வைத்து இன்னொரு தரம் அடைத்தார்கள். தர்மராஜாவும் உள்ளேதான் இருந்தார். அந்தக் காலத்துச் சபையிலும் வாய் மூடி உட்கார்ந்திருந்தவர், இங்கேயும் அதே உத்தியோகம். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மார்ச்சில் கதவு திறந்தது, பூசாரிக்கு மட்டும். 2025 ஏப்ரலில்தான் தலித் மக்கள் போலீஸ் காவலோடு உள்ளே போய்க் கும்பிட்டார்கள். நிக்கோசியாவில் கூண்டைத் தாண்ட ஒரு பாஸ்போர்ட் போதும். மேல்பாதியில் சாமி கும்பிட உயர் நீதிமன்றம், கலெக்டர், எஸ்.பி., ரெண்டு வருடம் வேண்டியிருந்தது.

தேரோட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவுக்குத் தேர் வராது. ஏன் என்று கேட்டால் தெரு குறுகல் என்றார்கள். பஞ்சாயத்தில் மல்லுக்கட்டி அகலமாகச் சிமென்ட் ரோடு போட்டோம். இப்போது வழக்கம் இல்லை என்கிறார்கள். ரோட்டை அகலப்படுத்த ஜல்லி கிடைக்கிறது. வழக்கத்தை அகலப்படுத்த எந்தக் குவாரியில் ஜல்லி வாங்குவது?

நான்காவது, தண்ணீரும் சாக்கடையும். நிக்கோசியாவில் ஒரு வேடிக்கை நடந்தது. தீவு இரண்டாகி நாலு வருடம், ராணுவங்கள் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. 1978இல் தெற்கு மேயர் லெல்லோஸ் டிமெட்ரியாடிசும் வடக்கு மேயர் முஸ்தபா அகின்ஜியும் உட்கார்ந்து பேசி, நகரத்துக்கு ஒரே சாக்கடைத் திட்டம் என்று முடிவெடுத்தார்கள். பூமிக்கு மேலே கோடு, கீழே ஒரே குழாய். தெற்கத்தியான் கழிவு வடக்கே போய்ச் சுத்தமாகியது. பகையாளிகள் சாக்கடையைப் பொதுவாக்கினார்கள். நாம் 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் குடும்பங்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலத்தைக் கலந்து, குடிநீரைச் சாக்கடையாக்கினோம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்த பிறகுதான் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். சந்திரயானை நிலாவில் இறக்கின நாடு, தொட்டியின் மூடியைத் திறந்தது யார் என்று கண்டுபிடிக்க விஞ்ஞானம் போதாமல் திணறியது.

ஐந்தாவது, நிஜச் சுவர். செங்கல்லில் கட்டியதையும் பார்த்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிற பயணிகளுக்கு மட்டும் கூடுதல் கட்டணத்தில் உத்தப்புரம், மதுரை மாவட்டம். அங்கே சுவர் எழுந்தது 1989இல். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் டெல்லியில் நிறைவேறியதும் அதே 1989இல்தான். ஒரே வருடத்துப் பிள்ளைகள். சட்டம் தவழ்ந்துகொண்டிருந்தது, சுவர் எழுந்து நடந்தது. அதற்கு மேலே மின்சாரக் கம்பி வேறு. லெட்ரா தெருவில் தடுப்பை எடுத்துக் கூண்டு வழியைத் திறந்தது 2008 ஏப்ரல் 3. உத்தப்புரத்தில் சுவரின் ஒரு பகுதியை இடித்தது 2008 மே 6. முப்பத்து மூன்று நாள்தான் வித்தியாசம். நிக்கோசியாவில் அன்று பலூன் விட்டார்கள். உத்தப்புரத்தில் ரேஷன் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆடு மாட்டோடு மலையடிவாரத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள் ஊர்க்காரர்கள். உலகத்தில் நடுவே சுவர் வந்ததால் அகதியானவர்கள் உண்டு. சுவர் போய்விட்டதே என்று அகதியானவர்களைத் தமிழ்நாட்டில் மட்டும்தான் பார்க்கலாம்.

2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலை மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஒரு சுவர் சாய்ந்து 17 பேர் தூக்கத்திலேயே செத்தார்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்று அந்த மக்கள் முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்துக்கு மட்டும் கட்டணம் வேண்டாம். அங்கே போனால் எனக்குக் கேலி வருவதில்லை.

கடைசி நிறுத்தம், சுடுகாடு. சைப்ரஸில் இரண்டு தரப்பிலும் சேர்த்துக் காணாமல் போனவர்கள் 2,002 பேர். 1981இல் இரு தரப்பும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். பிறகு கிரேக்கப் பிள்ளைகளும் துருக்கிப் பிள்ளைகளும் ஒன்றாகக் குழி தோண்டி, ஒரே மேசையில் எலும்புகளை அடுக்கி, யாருடையது என்று பார்த்து வீட்டில் ஒப்படைக்கிறார்கள். எலும்பைப் பார்த்துக் கிரேக்கனா துருக்கியனா என்று சொல்ல முடியாது. ரத்த உறவை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நம் ஊரில் 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிப் பக்கம் பாலாற்றுப் பாலத்திலிருந்து ஒரு பிணத்தைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகிற வழி அடைபட்டிருந்தது. இருபதடி உயரம். பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்து, மாலை கழன்று தொங்கி, கீழே நின்றவர்கள் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்கிற அந்த வீடியோவை நாடே பார்த்தது. பார்த்துவிட்டு அடுத்த வீடியோவுக்குத் தள்ளிப் போனது. செத்தவனுக்குக் கூட வானத்து வழியாகப் போனால்தான் அனுமதி என்பது எந்த ஐ.நா. தீர்மானத்திலும் இல்லாத ஏற்பாடு.

சுற்றுலா இத்தோடு முடிகிறது. பயணிகள் கேட்கக்கூடும், உங்கள் அரசாங்கம் இதைப் பார்க்காமலா இருக்கிறது என்று. பார்க்கிறது, பார்த்துக்கொண்டே இருக்கிறது. 1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்துவிட்டோம். 1997இல் சமத்துவபுரம் கட்ட ஆரம்பித்தோம். நூறு வீடு, தலித்துகளுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. எல்லாச் சாதியும் ஒன்றாக வாழ இடம் வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே புதிதாக ஒன்று கட்ட வேண்டியிருக்கிறது என்ற உண்மையை இதைவிட நேர்மையாக எந்த அரசும் ஒப்புக்கொண்டதில்லை. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் எடுத்துவிடப் போவதாகச் சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார். நல்ல காரியம், கை தட்டினேன். பலகையில் பெயின்ட் அடிப்பது சுலபம். வாயில் அடிக்கிற பெயின்டை எந்தக் கம்பெனி தயாரிக்கிறது?

அமைதிப் பேச்சுவார்த்தை என்று ஒரு சடங்கும் உண்டு. ஒரு தரம் நானும் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நாற்காலிதான். ஊர் தரப்பு உட்கார்ந்திருந்தது. நாங்கள் நின்றோம், நாற்காலி பற்றவில்லை என்றார்கள். இரண்டு மணி நேரம் பேசி ஒரு தாளில் எழுதினார்கள்: 'இரு தரப்பினரும் அமைதி காக்க வேண்டும்.' அடித்தவனும் அமைதியாக இருக்க வேண்டும், அடி வாங்கியவனும் அமைதியாக இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டதும் எல்லோருக்கும் டீ வந்தது. எங்களுக்குப் பேப்பர் கப்பில்.

சைப்ரஸில் 2004 ஏப்ரலில் தீவை ஒன்றாக்கலாமா என்று மக்களிடமே ஓட்டு கேட்டார்கள். வடக்கே நூற்றுக்கு 65 பேர் சரி என்றார்கள். தெற்கே 76 பேர் வேண்டாம் என்றார்கள். தோற்றுப்போனது. ஆனாலும் கேட்டார்கள். நம்மிடம் அந்தக் கேள்வியை எந்தக் கட்சியும் எந்தத் தேர்தலிலும் கேட்டதில்லை. ஓட்டு கேட்க மட்டும் கோட்டின் இரண்டு பக்கமும் வருவார்கள். எங்கள் தெருவில் ஒரு கிழவி கையிலிருந்து கூழ் வாங்கி இரண்டு வாய் குடிப்பார்கள், போட்டோக்காரர் சரி என்று சொல்லும் வரை. பிறகு ஊருக்குள் போய், "ஒங்க வழக்கத்துல நாங்க ஏன் தலையிடப் போறோம்?" என்பார்கள். இரண்டு பேச்சுக்கும் ஒரே மைக்செட்.

எனக்கு ஆத்திரம் வருவது ஒரு விஷயத்தில்தான். 2003 ஏப்ரலில் அந்தத் தீவில் முதல் முறை வழியைத் திறந்தபோது சனங்கள் ஆயிரக்கணக்கில் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள். இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால் விட்டுவிட்டு ஓடிய தங்கள் வீட்டைப் பார்க்க. கதவைத் தட்டினார்கள். உள்ளே குடியிருந்தவர்கள் எத்தனையோ பேர் காபி கொடுத்து உட்காரவைத்தார்கள், பழைய வீட்டுக்காரரின் கல்யாண போட்டோவைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து கொடுத்தார்கள். அங்கே கோடு விழுவதற்கு முன்னால் ஒரு ஊர் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் இருந்தான். அவன் போய்விட்டான் என்று அழ ஒரு மனசு இருந்தது. அந்தக் கோட்டுக்குப் பிறந்த தேதி உண்டு, அதனால் சாகிற தேதியும் ஒரு நாள் வரலாம்.

எங்கள் கோட்டுக்குத் தேதி கிடையாது. முதலில் கோட்டைப் போட்டுவிட்டு, அதன் இரண்டு பக்கமும் ஊரைக் கட்டியிருக்கிறார்கள். ஊருக்குள் ஒருத்தருக்கும் எங்களைப் பிரிந்த துக்கம் இல்லை. எங்கள் வீட்டு போட்டோ எதுவும் அவர்கள் அலமாரியில் இல்லை. அவர்கள் நெல் எங்கள் கையால் நட்டது, அவர்கள் மாடு எங்கள் அப்பன் மேய்த்தது, அவர்கள் சாவுக்கு அடித்தது எங்கள் பறை. இத்தனையும் கோட்டைத் தாண்டித் தினமும் போய் வந்தன, சுங்கம் இல்லாமல். நாங்கள் மட்டும் வாசலோடு நின்றோம்.

மகேந்திரவர்மன் கோயில் மட்டும் குடையவில்லை. மத்தவிலாசப் பிரகசனம் என்று ஒரு கேலி நாடகமும் எழுதினான். ஒரு காபாலிகன் தன் மண்டையோட்டுத் திருவோட்டைக் காணோம் என்று போகிறவன் வருகிறவன் மேலெல்லாம் பழி போட்டுக்கொண்டு அலைவான். கடைசியில் பார்த்தால் அதை எடுத்துக்கொண்டு போனது ஒரு நாய். அந்த ராஜா இப்போது இருந்தால் எங்கள் ஊரை வைத்து இரண்டாம் பாகம் எழுதலாம். சமத்துவத்தைக் காணோம் என்று எல்லோரும் கூட்டம் போட்டுத் தேடுகிறார்கள். தேடுகிறவர்கள் எல்லோருக்கும் அது எங்கே இருக்கிறதென்று தெரியும்.

போன வாரம் அக்கா மகன் லீவில் வந்தான். நான்தான் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். பெரிய பெட்டி, கழுத்தில் ஹெட்போன், ஓட்டல்காரர் கொடுத்த கோட்டு வேறு. கூட்ரோட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஓட்டுகிறவன் சின்னப் பையன், எங்கள் இருவரையும் தெரியாது. ஊர் பேரைச் சொன்னேன். கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஊருக்கா, காலனிக்காண்ணே?"

அக்கா மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை உருவி நீட்டினான். "இந்தா தம்பி, செக் பண்ணிக்க."

அந்தப் பையனுக்கு வேடிக்கை புரியவில்லை. அவன் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை போலிருக்கிறது. மரியாதையாக வாங்கினான். முதல் பக்கத்தில் சிங்கத்தைப் பார்த்தான், முத்திரைகளைப் பார்த்தான், ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசிப் பக்கத்துக்கு வந்தான். அங்கேதான் விலாசம் இருக்கிறது. வாயை அசைத்து எழுத்துக் கூட்டினான்.

"காலனின்னு போட்டுக்குதேண்ணே. ரோடு சரியில்ல, பத்து ரூபா சேத்துக் குடுத்துடுங்க."

நிக்கோசியாவில் இரண்டு கூண்டுக்காரர்களும் போட்டோ இருந்த பக்கத்தோடு விட்டுவிட்டார்களாம். கடைசிப் பக்கம் வரை படிக்கிற அதிகாரி எங்கள் கூட்ரோட்டில்தான் இருக்கிறார்.